வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 – 1884)

மாணவர்களே, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் உங்கள் கிளினிக் கொப்பியை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். உங்கள் உடம்பைப் பற்றித்தான் அதில் எழுதியிருக்கும். ஆனால் வைத்தியர் எழுதியது ஆங்கிலத்தில் இருப்பதால் உங்களாலோ உங்கள் அம்மாவாலோ அதை வாசித்து விளங்கிக்கொள்வது கடினம். நோயாளியின் குறிப்பைத் தமிழிலேயே எழுதக்கூடிய வைத்தியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் உருவாக்கப்பட்டார்கள் என்பது உங்களுக்கு வியப்பைத் தரலாம். அவர்களை உருவாக்கியவர் தமிழர் அல்லர். அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர் ஆவார்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845 இற் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிற் பணி செய்த அவர், 1848 இல் மானிப்பாய்க்கு மாறினார். அவரது பெயரைத் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருப்பதும் அங்கேதான். அதே ஆண்டில் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். அப்போது போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது. (1847 இல் வந்தார், 1848 இற் கற்பிக்கத் தொடங்கினார். விடை எழுதும்போது இவ்விரு ஆண்டுகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆங்கிலத்திற் கற்றவர்களை அரசாங்க உத்தியோகமும் கூடிய சம்பளமும் இழுத்துக்கொண்டன. கிராமத்திற் சனங்களோடு இருந்து வைத்தியம் பார்ப்பவர் யார்? தமிழிற் கற்றவரே தம் ஊரில் நிற்பார் என்று கிறீன் எண்ணினார். அதற்காகத் தாமே தமிழைக் கற்றார். 1857 இற் தாயகம் சென்று, திருமணம் செய்து, 1862 இல் மனைவி மார்கரெட்டுடன் மீண்டும் வந்தார். 1860களில் தமிழ்மொழி மூல வகுப்பைத் தொடங்கினார்.

இங்கேதான் பெரிய சிக்கல் எழுந்தது. காய்ச்சல், வாந்திபேதி, சலரோகம் என நோய்களுக்குத் தமிழிற் பெயர்கள் இருந்தன. ஆனால் உடம்பை வெட்டிப் பார்க்கும்போது காணப்படும் ஒவ்வொரு சிற்றுறுப்புக்கும் தனித்தனிப் பெயர் வேண்டுமே! ‘நரம்பு’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் ஓடும் குழாயையும் ஊரில் நரம்பு என்பார்கள், உணர்ச்சியைக் கொண்டு செல்வதையும் நரம்பு என்பார்கள், தசைநாணையும் நரம்பு என்பார்கள். உங்கள் விஞ்ஞானப் பாடநூலில் இவை நாடி, நாளம், நரம்பு, தசைநாண் எனத் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு வைத்தியர் நோயாளியின் குறிப்பில் ‘நரம்பு அறுந்தது’ என்று மட்டும் எழுதிவைத்தால், அடுத்து வரும் வைத்தியர் எதற்குச் சிகிச்சை செய்வது? சொல் பிழைத்தால் உயிரும் பிழைக்காது.

ஆகவே கிறீன் ஓர் ஒழுங்கை வகுத்தார். முதலில் தமிழிற் சொல் தேடுவது, கிடைக்காவிடிற் சமஸ்கிருதத்திற் பார்ப்பது, அதிலும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலியலுக்குச் சுகரணம் என்றும் பெயர் வந்தது. இரசாயனவியல் ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. இச்சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. அதைக் குறையாகக் கொள்வது சரியன்று என்பதே என் கருத்து. முன்பு ஒருவர் ஒரு சொல்லை வைத்திருந்தாற்றானே பின்வந்தவர் அதைவிட நல்லதைத் தேட முடியும்!

இந்த வேலையை அவர் தனியே செய்யவில்லை. சப்மன், டன்போர்த், சுவாமிநாதன், போல் முதலிய மாணவர்கள் அவருடன் இருந்து நூல்களை மொழிபெயர்த்தார்கள். இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872 இலும் வெளிவந்தன. மருத்துவக் கலைச்சொற்களும் தொகுத்து அச்சிடப்பட்டன. எல்லாமாக 4,000 பக்கங்களுக்கு மேல் மருத்துவத் தமிழ் அச்சேறியது. அவரிடம் பயின்று வெளியேறிய அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களில் 33 பேர் தமிழிற் கற்றவர்கள்.

கிறீன் 1873 இல் இலங்கையை விட்டுச் சென்றார். கொழும்பில் 1870 இல் ஆரம்பிக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. அரசாங்கம் விரும்பியதும் ஆங்கிலம் கற்ற வைத்தியர்களையே. எனவே மானிப்பாயிலும் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. நூல்கள் இருந்தும் வகுப்பு இல்லாமற் போயிற்று.

ஆயினும் வூஸ்டருக்குத் திரும்பிய கிறீன் தமிழ் நூல் வேலையை நிறுத்தவில்லை. கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. அடுத்த ஆண்டு, 1884 இல், அவர் காலமானார். வூஸ்டரிலுள்ள அவரது கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்ற செய்தி பொறிக்கப்பட்டுள்ளது.