அரசுக்குத் தேவைப்பட்ட ஒரு யூத வீரர்: ரூடி பாலின் கதை

1936 பெப்ரவரி 6ஆம் திகதி. ஜேர்மனியின் தெற்கே, அல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹென் என்ற சிறு நகரில், கொட்டும் பனிக்கு நடுவே குளிர்கால ஒலிம்பிக்கை ஹிட்லர் ஆரம்பித்து வைத்தார். அதற்குச் சில காலம் முன்புவரை அந்த வட்டாரத்தின் வீதியோரங்களில், யூதர்களுக்கு இங்கே இடமில்லை என்று எழுதிய பலகைகள் நின்றன. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஆட்சேபித்ததால், வெளிநாட்டு விருந்தினர் கண்ணில் படாமல் அவை கழற்றப்பட்டன. பலகைகள் போய்விட்டன. அவற்றின் பின்னாலிருந்த சட்டங்கள் அப்படியே இருந்தன.

அன்று ஜேர்மனியின் ஐஸ் ஹொக்கி அணியில் ஒருவர் இருந்தார். அந்த நாட்டின் சட்டம் ஒதுக்கிவைத்த இனத்தைச் சேர்ந்தவர். ஆயினும் அந்த நாட்டின் சீருடையையே அணிந்திருந்தார். அவர் பெயர் ரூடி பால்.

ரூடி 1911இல் பேர்லினில் யூதப் பின்னணி கொண்ட குடும்பமொன்றில் பிறந்தார். கெர்ஹார்ட், ஹைன்ஸ் என்ற அவருடைய சகோதரர்களும் ஹொக்கி வீரர்களே. அக்காலத்தில் பேர்லின் நகரத்துக்கு இந்த விளையாட்டில் பெரும் மோகம் இருந்தது. ஸ்போர்ட்பலாஸ்ட் என்ற பிரமாண்டமான உள்ளரங்கில் செயற்கைப் பனித்தளம் அமைக்கப்பட்டிருந்தது. இரவில் விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள்.

நம்மில் பலர் நேரில் பார்த்திராத விளையாட்டு இது. ஓர் அணியில் கோல் காப்பாளரோடு ஆறு பேர் பனித்தளத்தில் நிற்பார்கள். கால்களில் சறுக்குக் கத்தி பொருத்திய சப்பாத்துகள், கையில் வளைந்த மட்டை. தட்டையான இறப்பர் வில்லையொன்றை எதிரணியின் கோலுக்குள் அடிக்க வேண்டும். உடலோடு உடல் மோதித் தள்ளுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே பெரிய உடம்புள்ளவர்களுக்கே சாதகமான ஆட்டம் என்று தோன்றும். ரூடியோ குள்ளமானவர், மெலிந்தவர். ஆனால் முன்கள வீரரான அவரைப் பிடித்து மோதுவது எளிதாக இருக்கவில்லை. வேகமும் திடீர்த் திருப்பங்களும் மட்டையைக் கையாளும் நுட்பமும் அவரை ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக்கின.

1930இல், பத்தொன்பது வயதுகூட நிறையாத நிலையில், ரூடி தேசிய அணியோடு உலகக் கிண்ணப் போட்டியில் ஆடினார். ஐரோப்பிய அணிகளை வென்ற ஜேர்மனி, பேர்லின் ஸ்போர்ட்பலாஸ்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் கனடாவிடம் 1-6 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் லேக் பிளசிட்டில் குளிர்கால ஒலிம்பிக். உலகப் பொருளாதார நெருக்கடியால் நான்கு நாடுகள் மட்டுமே ஹொக்கிக்கு வந்திருந்தன. போலந்தை இரு தடவையும் வென்று ஜேர்மனி வெண்கலப் பதக்கம் பெற்றது. அந்த அணியில் ரூடியோடு ஆடியவர்களில் ஒருவர் குஸ்டாவ் யேனக்கே. பேர்லினில் ஒரே கழகத்தைச் சேர்ந்தவர்கள், நண்பர்கள். யேனக்கே டென்னிஸிலும் நாட்டுக்காக டேவிஸ் கிண்ணத்தில் ஆடியவர். யூதர் அல்லர். இந்தக் கதையில் அது முக்கியமானது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் மாதத்தில் யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் நடத்தப்பட்டது. அதே மாதத்தில் விளையாட்டு அமைப்புகளிலிருந்து யூதர்களை நீக்கும் நடைமுறையும் தொடங்கியது. ஒலிம்பிக் பதக்கம் எவரையும் காப்பாற்றவில்லை. ரூடி நாட்டை விட்டு வெளியேறி முதலில் சுவிற்சர்லாந்தின் சென் மொரிட்ஸ் அணிக்கும், பின்னர் இத்தாலியின் மிலான் அணிக்கும் ஆடினார். அவர் ஆடிய காலத்தில், 1934இலும் 1935இலும், அந்த மிலான் அணி சுவிற்சர்லாந்தின் புகழ்பெற்ற ஸ்பெங்லர் கிண்ணத்தை வென்றது. அவருக்கு வெளிநாட்டில் பெயரும் பிழைப்பும் இருந்தன. பெற்றோர் ஜேர்மனியில் இருந்தார்கள்.

1935 செப்டெம்பரில் நியூரம்பேர்க் சட்டங்கள் வந்தன. யூதர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஒருவர் யார் என்பதை அவருடைய பாட்டன், பாட்டிமாரின் மதத்தைக் கொண்டு அரசு தீர்மானித்தது. இதே வேளையில் அமெரிக்காவில் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் வலுத்திருந்தது. டிசெம்பரில் அமெரிக்க விளையாட்டுச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில், பங்குபற்றும் தரப்பு மயிரிழையில் வென்றது. யூதர்களைத் தாம் ஒதுக்கவில்லை என்று காட்டுவதற்கு ஜேர்மன் அரசுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். அவர் உண்மையிலேயே சிறந்த வீரராகவும் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனாலும் தொடக்கத்தில் ரூடியின் பெயர் அணியில் இல்லை. அப்போதுதான் யேனக்கே, ரூடி இல்லாத அணியில் தானும் ஆடப்போவதில்லை என்று நின்றார். அணியின் மிகப் பெரிய நட்சத்திரம் அவர். அவரை இழந்தால் சொந்த மண்ணில் அவமானம் நிச்சயம். ரூடிக்கு அழைப்புப் போனது. பதிலுக்கு அவர் கேட்டது பணமோ பதவியோ அல்ல. தன் குடும்பத்தினரை நாட்டை விட்டு வெளியேற அனுமதிக்க வேண்டும் என்பதே என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

கார்மிஷில் ரூடி நான்கு ஆட்டங்களில் ஆடினார். ஹங்கேரிக்கு எதிரான ஆட்டத்தில் காயமடைந்தார். அடுத்த ஆட்டங்களுக்கு அவர் இல்லை. ஜேர்மனி பிரித்தானியாவோடு சமநிலை பெற்று, கனடாவிடம் தோற்று, பதக்கமின்றி வெளியேறியது.

அதே ஆண்டு ஓகஸ்டில் பேர்லினில் கோடைகால ஒலிம்பிக் நடந்தது. அங்கும் இதே கணக்குத்தான். தந்தை வழியில் யூதரான வாள்வீச்சு வீராங்கனை ஹெலன மாயர் சேர்க்கப்பட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். ஆனால் உயரம் பாய்தலில் 1.60 மீற்றர் தாண்டி தேசிய சாதனையைச் சமன் செய்திருந்த கிரெட்டல் பேர்க்மன், போட்டிக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில் நீக்கப்பட்டார். அமெரிக்க அணி அதற்குள் கப்பலேறிவிட்டது. இனி அவரால் அரசுக்குப் பயனில்லை.

இதை வைத்து ரூடியைக் குறை சொன்னவர்கள் உண்டு. கொடிய அரசொன்றுக்கு அவர் முகமூடியாக இருந்தார் என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த முகமூடி உலகத்தை ஏமாற்ற உதவியது. ஆனால் வெளியில் பாதுகாப்பாக நின்றவர்களுக்கு இருந்த தெரிவு அவருக்கு இருக்கவில்லை. தன்னை அரசு பயன்படுத்துகிறது என்பது அவருக்குத் தெரியாத ஒன்றாக இருந்திருக்க முடியாது. அந்தத் தேவை சில வாரங்களே நீடிக்கும். அதற்குள் தன் வீட்டார் உயிரோடு வெளியேற ஒரு கதவைத் திறக்க முயன்றார். பணயமாகப் பிடிபட்ட குடும்பத்தின் பிள்ளை வேறென்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இலகுவான பதில் கிடையாது.

அவர் மட்டும் மீண்டும் பேர்லினில் தங்கினார். பழைய கழகத்துக்கே ஆடினார். 1937இல் அது தேசியச் சம்பியனானது. 1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 1941 ஒக்டோபர் முதல் பேர்லின் யூதர்கள் ரயில்களில் ஏற்றிக் கிழக்கே அனுப்பப்பட்டார்கள். அவர் பெயர் பெற்ற அதே ஸ்போர்ட்பலாஸ்டில், 1943 பெப்ரவரியில் கோயபெல்ஸ் முழுமையான போருக்கு அறைகூவல் விடுத்தார். 1944 ஜனவரியில் குண்டுவீச்சில் அந்த அரங்கு எரிந்தது. நகரம் அழிந்துகொண்டிருந்த அந்த ஆண்டு வரை ரூடி அங்கேயே ஹொக்கி ஆடிக்கொண்டிருந்தார். உயிரோடு போரைக் கடந்தார்.

1948இல் அவர் தென்னாபிரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து ஜொஹன்னஸ்பேர்க்கில் குடியேறினார். மனிதரைப் பிறப்பால் வகுத்த ஒரு நாட்டிலிருந்து போனவர் சேர்ந்த இடத்திலும், அதே ஆண்டில்தான் நிறவெறிக் கொள்கையை முன்வைத்த கட்சி ஆட்சியைப் பிடித்தது. இம்முறை அவர் சலுகை பெற்றவர்களின் பக்கத்தில் இருந்தார். அங்கும் சில காலம் ஹொக்கி ஆடி ஓய்வு பெற்றார். 1975இல் அங்கேயே காலமானார்.

அவர் இறந்த மறு ஆண்டு, 1976இல், மேற்கு ஜேர்மனி ஒலிம்பிக் ஐஸ் ஹொக்கியில் வெண்கலம் வென்றது. 1932இல் ரூடியும் யேனக்கேயும் கொண்டுவந்த பதக்கத்துக்குப் பிறகு 44 ஆண்டுகள் கழித்து ஜேர்மனியருக்குக் கிடைத்த அடுத்த பதக்கம் அதுவே. சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனம் 2004இல் ரூடியின் பெயரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது.

ரூடியின் திறமை அவருக்கு ஓர் அழைப்பை மட்டுமே பெற்றுத் தந்திருக்கலாம். அதுவும் பெயர்ப் பட்டியலில் இல்லாமல் போயிருந்தது. அதைத் திரும்பப் பெற்றுத் தந்தது, தனக்கு எந்த ஆபத்தும் இல்லாத ஒருவர், நண்பனுக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுக்கத் துணிந்ததுதான். அந்தக் காலத்து ஜேர்மனியில் அப்படித் துணிந்தவர்கள் மிகச் சிலரே.