மணலில் அ, ஆ எழுதிய பாதிரியார்



இந்த மாதம் நான் எழுதப்போவது சீகன்பால்கு ஐயர் வாழ்க்கை வரலாறு. முழுப்பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. வாயில நுழையாத பேரா இருக்குன்னு பக்கத்தைத் தாண்டிப் போயிராதீங்க. அவர் செய்த வேலை நம்ம எல்லோருக்கும், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, ரொம்ப வேண்டியது.

பிறப்பும் குடும்பமும்

இவர் 1682-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. சின்ன வயசிலேயே அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து இறந்துட்டாங்க. அம்மா சாகும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஒரு புதையல் வச்சிருக்கேன், அது வேதப்புத்தகத்தில இருக்குன்னு சொன்னதா சொல்லுவாங்க. அப்புறம் இவரை வளர்த்தது அக்காதான். உடம்புக்கு அடிக்கடி முடியாமப் போகும். அப்படியிருந்தும் படிப்பை விடவில்லை. ஹாலே என்ற ஊரில் பிராங்கே என்ற பெரிய ஆசிரியரிடம் படித்தார்.

தரங்கம்பாடிக்கு வந்தார்

தரங்கம்பாடி சோழநாட்டுக் கடற்கரை ஊர். 1620-ல் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் காலத்தில் டென்மார்க் நாட்டு வியாபாரிகள் அங்கே கோட்டை கட்டினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் மதத்தைப் பரப்ப ஆள் அனுப்ப விரும்பினார். சீகன்பால்குவும் அவர் நண்பர் புளூச்சோவும் 1705 நவம்பரில் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9-ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். ஏழு மாதத்துக்கு மேல கடல்லயே இருந்திருக்காங்க! ஆனால் கோட்டைத் தலைவருக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சலா இருக்கும்னு நினைச்சார்.

தமிழ் படித்த விதம்

அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. என்ன பண்ணினார் தெரியுமா? வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். பெரிய படிப்புப் படிச்சவர், பொடிப் பசங்களோட சேர்ந்து அ, ஆ எழுதினார். சொல்லிக்கொடுக்க வந்தவர் முதல்ல மாணவரா உட்கார்ந்தார். எனக்கு இவரைப் பிடிச்சதே இதனாலதான்.

பிறகு ஓலைச்சுவடிகளைச் சேர்த்துப் படித்தார். 1708-ல் தன்னிடம் இருந்த நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியலே எழுதினார்.

பெண்களுக்குப் பள்ளி

1707-ல் தரங்கம்பாடியில் பெண் பிள்ளைகளுக்கு என்று பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளிக்குப் போனது பெரும்பாலும் ஆண் பிள்ளைகள்தான். நம்ம பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய பாட்டு நமக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஆண்டாள் பிறந்த அதே தமிழ்நாட்டில், சாதாரண வீட்டுப் பொண்ணுக்கு எழுத்து எட்டாமலே இருந்திச்சு. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு, எட்டாவது வரைக்கும் போதும்னு இன்னைக்கும் சில வீட்டில சொல்றாங்க. 300 வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு பேச்சு இருந்திருக்கும்! யோசிச்சுப் பாருங்க.

சிறை

1708 நவம்பரில், ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசினார். கோபப்பட்ட கோட்டைத் தலைவர் இவரைப் பிடித்து டேனிஷ் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். நாலு மாதம் சிறை. 1709-ல்தான் விட்டார்கள். வெளியே வந்ததும் கப்பல் ஏறி ஊருக்குப் போயிரல. மறுபடியும் மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார். 1711-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார்.

அச்சுக்கூடம்

தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்த வேலை தொடர்ந்து நடக்கவில்லை. சீகன்பால்குவுக்கு லண்டனில் இருந்து அச்சு இயந்திரம் கிடைத்தது. 1713-ல் ஹாலேயில் செய்த தமிழ் எழுத்துகள் வந்தன. 1714-ல் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதி அச்சானது. எழுத்து ரொம்பப் பெரிசா இருந்ததால காகிதம் சீக்கிரம் தீர்ந்துபோச்சு. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். லண்டனில் இருந்து பாலாடைக்கட்டி வைத்து வந்த டப்பாவின் ஈயத்தைக்கூட உருக்கினார்களாம்! பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள்.

திருமணமும் கடைசி நாட்களும்

1714-ல் ஐரோப்பா போனார். மலையப்பன் என்ற தமிழரும் கூடப் போனார். அங்கே மரியா டொரோத்தியா என்ற பெண்ணை மணந்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-ல் ஹாலேயில் அச்சானது. அதே ஆண்டு மனைவியோடு தரங்கம்பாடி திரும்பினார். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. ஆனால் மேலிடத்தில் இருந்து குறை சொல்லிக் கடிதம் வந்தது. அவர் மனசு உடைஞ்சுபோச்சு. உடம்பும் கெட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயசில் இறந்தார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். மரியா டொரோத்தியா பிறந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, மூணு வருஷம் ஆகுறதுக்குள்ள விதவையாயிட்டார். வரலாற்றில் அவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதுறாங்க. அதையும் நாம நினைக்கணும்.

அச்சாகாத புத்தகம்

அவர் வந்தது மதம் மாற்றத்தான். அதை மறைக்க வேண்டாம். ஆனால் நம்ம ஊர்ச் சாமிகளைப் பற்றி, இங்கே உள்ளவர்களிடமே கேட்டு ஒரு பெரிய புத்தகம் எழுதி 1713-ல் அனுப்பினார். இதை அச்சடிக்கவா உங்களை அனுப்பினோம் என்று பிராங்கே ஒதுக்கி வைத்துவிட்டார். அது 1867-ல்தான் சென்னையில் அச்சானது. எழுதி 150 வருஷத்துக்கு மேல!

தோழிகளே, நமக்குப் புத்தகம் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. தெரியாததைச் சின்னப் பிள்ளையிடம்கூட உட்கார்ந்து கத்துக்கலாம், வெட்கம் இல்லை. எட்டாவதோட நிறுத்தணும்னு யாராவது சொன்னா, 1707-ல படிச்ச அந்தப் பிள்ளைகளைச் சொல்லுங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கான்சாபுரம்