புதுச்சேரிப் பட்சிச் சித்திரக்காரர் பியேர் சொன்னரா சரிதம்

பண்டசோழநல்லூரில் நம் வீட்டுப் பெண்டிர் விடியற்காலையில் முற்றத்தில் நொய் இறைக்க, ஓடிவரும் கோழிகளை நாம் தினமும் காண்கின்றோம். அவற்றுட் சிலவற்றின் கால் மஞ்சள் நிறமாயிருப்பது ஏன் என்று வினவியவர் நம்முள் அரியர். அவ்வினாவிற்கும், புதுச்சேரியில் நெடுநாள் வாழ்ந்த ஒரு பிரெஞ்சு உத்தியோகஸ்தரின் சித்திரங்களுக்கும் தொடர்புண்டு.

பியேர் சொன்னரா என்னும் அவர் 1748-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரிற் பிறந்தார். இருபதாம் பிராயத்தில் மோரீசுத் தீவை அடைந்து, கொம்மெர்சோன் என்னும் தாவர சாஸ்திர பண்டிதருக்கு உதவியாயிருந்து, செடிகளையும் பட்சிகளையும் உற்று நோக்கி வரையும் பழக்கத்தில் தேர்ந்தார். ஜீவனம் அரசாங்கச் சம்பளத்தில். மனமோ கடற்கரைகளிலும் கானகங்களிலும்.

1771, 1772-ஆம் ஆண்டுகளில் பிலிப்பைன் தீவுகளையும் மொலுக்கத் தீவுகளையும் சுற்றி வந்து, 1776-இல் பாரிசில் ஒரு யாத்திரை நூல் வெளியிட்டார். அதிற் கூறிய ஓர் உப்பங்கழி மரத்திற்கு, லின்னேயு பண்டிதரின் குமாரர் 'சொன்னராசியா' என்று இவர் பெயரையே சூட்டினார். நம் பிச்சாவரத்துக் கழிகளிலும் அவ்வினத்து மரம் நிற்கின்றது.

ஆனால் அந்நூலின் தலைப்பு நியூகினித் தீவு யாத்திரை என்பது. அத்தீவில் இவர் அடிவைத்தவரே அல்லர்! சரிதம் எழுதப் புகுந்த நாம் இதை மறைத்தல் தகாது. குளிர்ந்த தென்கடலில் வாழும் பெங்குவினையும், ஆஸ்திரேலியாவிற்கே உரிய பெரிய மீன்கொத்தி ஒன்றையும் அத்தீவின் பட்சிகளாக இவர் எழுதிவிட்டார். அதை நம்பிய பண்டிதர்கள் சாஸ்திரப் பெயர் இட்டனர். அம்மீன்கொத்தி இன்றளவும் நியூகினியின் பெயரையே சுமந்து திரிகின்றது. தாம் கண்டவற்றை இத்துணை நுட்பமாகத் தீட்டிய கை, காணாததைக் கண்டதாக எழுதியதே என்பதில் நமக்கு மனவருத்தமே.

1774 முதல் 1781 வரை இந்தியா முதலிய தேசங்களிற் சஞ்சரித்து, 1782-இல் இரண்டு பாகங்களாக மற்றொரு நூல் வெளியிட்டார். அதில் 140 படங்கள். நம் தேவதா மூர்த்தங்களும், தொழிலாளரும், பட்சிகளும் அவற்றில் உள்ளன. அவர் வரைந்தவற்றைப் புவாசோன் என்பவர் செப்புத்தகட்டிற் செதுக்கினார்.

அவற்றுள் நம் மனத்தைக் கவர்வது தென்னாட்டு மலைக்காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியே. சேவலின் கழுத்திறகு நுனியில் மெழுகுத் துளி படிந்தாற்போல் மினுங்கும் புள்ளிகளை இவர் கவனித்தார். வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்றும் துணிந்தார். 1868-இல் டார்வின் அதை மறுத்து, சிவந்த காட்டுக்கோழியே மூலம் என நிறுவினார். சொன்னராவின் கூற்றுப் பிழையென்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் மரபணுவை ஆராய்ந்தோர், வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான கூறு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததே எனக் கண்டனர். முழு மூதாதை அன்றாயினும், பாதி உறவு மெய்யாயிற்று! அப்பட்சி, சாஸ்திரத்தில் சொன்னராவின் பெயரையே உடையது.

1786-இல் மீண்டும் இந்தியா வந்த சொன்னரா, 1790-இல் ஏனாம் நகரத் தலைவரானார். 1793-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சு ஊர்களைக் கைப்பற்றவே சிறைப்பட்டு, 1813 வரை, இருபது ஆண்டுகள், ஊர் திரும்ப மாட்டாமல் இருந்தார். விடுதலை பெற்றுப் பாரிசு சேர்ந்து, மறுவருடமே காலமானார். இந்தியாவில் அவர் பிற்காலத்தில் எழுதிய யாத்திரைக் குறிப்புகள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 2010-இல் புதுச்சேரியில் அச்சேறின.