காசு நூலுக்கு வழிகாட்டிய யோசேப்பு எக்கெல்

பழங்காசு என்றதும் பொன்னையும் வெள்ளியையும் நினைப்பது மக்கள் இயல்பு. தோட்டங் கொத்தும்போது அகப்பட்ட காசொன்றை மாணவன் ஒருவன் வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், ஏனையோர் கேட்கும் முதல் வினா அது பொன்னா என்பதே. செம்பு என்றறிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். இம்மனப்பான்மை சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மன்னரும் பிரபுக்களும் உரோமர் காசுகளை நெடுங்காலம் இவ்வாறே பேணிவந்தனர். பொற்காசு ஒரு பேழையிலும், வெள்ளிக்காசு வேறொரு பேழையிலும் இருக்கும். செம்பும் வெண்கலமும் பருமனுக்கேற்பப் பெரியன, நடுத்தரமானவை, சிறியன என மூவகையாய்ப் பிரிக்கப்பட்டுக் கிடக்கும். கடைசித் தட்டிலுள்ள சிறு காசுகளைக் கையிலெடுத்துப் படித்தவர் சிலரே. அவற்றையும் வரலாற்றுச் சான்றாக மதித்து, பொன்னோடு ஒரே வரிசையில் வைத்து ஆராய்ந்த பேரறிஞர் யோசேப்பு எக்கெல் ஆவர்.

அன்னார் 1737-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் கீழ் ஒஸ்திரியாவிலுள்ள என்செஸ்பெல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பிரபுவின் பண்ணையை மேற்பார்த்து வந்தவர். எக்கெல் வியன்னாவில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியிற் பயின்று, 14 வயதில் அச்சபையிலேயே சேர்ந்தார். முதலில் ஸ்டையர் நகரிலும் பின் வியன்னாவிலும் செய்யுளும் சொற்கலையும் கற்பிக்கும் ஆசிரியராயிருந்தார். இலக்கிய ஆசிரியர் ஒருவர் காசாராய்ச்சிக்குட் புகுந்தது எங்ஙனம் என வியப்பார் உளர். இலத்தீன் நூல்களிற் படித்த பேரரசரின் பெயர்களையும் பட்டங்களையும் காசின் விளிம்பிற் காணும்போது ஆசிரியருக்குண்டாகும் மகிழ்ச்சியை ஆசிரியரே அறிவர். அத்துறையில் அவரை வழிப்படுத்தியவர் கெல் என்னும் சபைத் துறவி. 1772-இல் கல்லூரிக் காசுக்கூடம் எக்கெலின் பொறுப்பில் வந்தது. அவ்வாண்டிலேயே இத்தாலிக்குச் சென்று, புளோரன்சு நகரில் தஸ்கனிக் கோமகன் லெயோபோல்டின் காசுத் தொகுதியை ஒழுங்குபடுத்தும் பணியை மேற்கொண்டார்.

இந்நிலையில் இடி விழுந்தது. 1773-இல் பாப்பரசர் 14-ஆம் கிளமென்ட் இயேசு சபையைக் கலைத்துவிட்டார். சிறு வயது முதல் உணவும் உறைவிடமும் கல்வியும் தந்த சபை இல்லாதொழிந்தது. எக்கெலுக்கு அப்போது வயது 36. ஆயினும் கற்ற கலை கைவிடவில்லை. லெயோபோல்டின் அன்னையாரான பேரரசி மரியா தெரேசா, அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்தில் தொல்பொருளும் காசியலும் கற்பிக்கும் பேராசிரியராக நியமித்தார். அரச காசுக்கூடத்துப் பழங்காசுகளும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. அக்கூடத்தின் பட்டியலை 1779-இல் அச்சிற் கொணர்ந்தார்.

அவர் கண்ட முறை யாது? கிரேக்க நகரங்களின் காசுகளை நாட்டு வரிசையில் அமைத்தார். பிரான்சியரான பெலெறின் என்பார் இதில் அவருக்கு முன்னோடி. உரோமப் பேரரசரின் காசுகளை, அவை ஆண்டைக் காட்டும் பட்டங்கள் உடையனவாயின், ஆண்டு வரிசையில் நிறுத்தினார். உலோகமும் பருமனும் பின்தள்ளப்பட்டன. இதன் பயனை ஒரு சிறு காசினால் விளக்குவோம்.

உரோமரிடம் குவாட்ரன்ஸ் எனும் செப்புக்காசு வழங்கிற்று. அஸ் என்பதன் காற்பங்கு அது. நம் வழக்கிற் காற்காசு எனலாம். பேரரசர் காலத்தில் ஏறத்தாழ 3 கிராம் நிறையுடையது. 64 காசு சேர்ந்தால் தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு ஒன்று. 1,600 சேர்ந்தால் பொற்காசு ஒன்று. பொது நீராடுமண்டபத்திற் புகுவதற்குக் கட்டணம் ஒரு குவாட்ரன்ஸ். கிளாடியசு மன்னன் வெளியிட்ட குவாட்ரன்சு ஒன்றிலே தானியம் அளக்கும் மரக்கால் பொறிக்கப்பட்டுள்ளது, மன்னன் முகமில்லை. சுற்றியுள்ள எழுத்தோ, அவன் இரண்டாம் முறை கொன்சல் பதவிக்குத் தெரிவு செய்யப்பட்டிருக்கின்றான் என்கின்றது. அவன் அரியணை ஏறியது கி. பி. 41 சனவரியில், இரண்டாம் முறை கொன்சலானது 42-இன் தொடக்கத்தில். ஆகவே காசு அடிக்கப்பட்டது 41-ஆம் ஆண்டிலே என்பது தெளிவு. பெரும் பொற்காசுகள் பலவற்றில் இத்தகைய துணிபு கிடைப்பதில்லை!

கலிகுலாவின் குவாட்ரன்சு இதனினும் சுவையுடையது. ஒரு பக்கத்தில் விடுதலைக்கு அடையாளமான தொப்பி. மறுபக்க நடுவில் ஆர், சி, சி என்னும் மூன்று இலத்தீன் எழுத்துக்கள். சி என்பது அவர்கள் எண்முறையில் 100. இரண்டு சேர்ந்தால் 200. ஏல விற்பனையில் அரசு அறவிட்டுவந்த இருநூற்றிலொரு பங்கு வரி நீக்கப்பட்டது என்பதே செய்தி. வரி குறைந்ததை ஏழை எளியவர் கையிற் புழங்கும் காசிலே அறிவித்தமை எவ்வளவு பொருத்தம்! கொடுங்கோலன் எனப் பெயரெடுத்தவனுக்கும் குடிகளின் நன்மதிப்பு வேண்டியிருந்தது போலும்.

1787-இல் எக்கெல் மாணவர்க்கெனக் காசியற் பாடநூலொன்றைச் சுருக்கமாக எழுதினார். பெரு நூல்களைப் புகழ்வோர் இதனைக் கூறாது விடுவர். ஆசிரியத் தொழிலிலுள்ள எமக்கோ இதுவே முதலிற் கண்ணிற் படுகின்றது. பின்னர் தம் வாழ்நாள் உழைப்பையெல்லாம் திரட்டி, பழங்காசுகளைப் பற்றிய பெருநூலை இலத்தீன் மொழியில் வெளியிடலானார். முதற் பாகம் 1792-இல் வந்தது. முன் நான்கு பாகங்கள் நகரங்கள், மக்கள், அரசர் ஆகியோரின் காசுகளைப் பற்றியன. பின் நான்கும் உரோமருடையன.

இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளும் பெரும்பாலும் பொன்னல்ல. 4-ஆம், 5-ஆம் நூற்றாண்டுகளுக்குரிய, தேய்ந்து எழுத்தழிந்த சிறு செப்புக்காசுகளே அவை. நம் கந்தரோடை மண்ணிலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. கொட்றிங்டன் துரை 1924-இல் வெளியிட்ட இலங்கைக் காசு நூலில் இத்தகைய சிறு காசுகளையும் ஒதுக்காது எடுத்தாண்டுள்ளார். அக்காலத்துப் பேரரசர் காசுகளை எக்கெல் ஆராய்ந்தது எட்டாம் பாகத்தில்.

அந்த எட்டாம் பாகம் வெளிவந்தது 1798-இல். அவ்வாண்டு மே 16-ஆம் நாள் எக்கெல் வியன்னாவிற் காலமானார். பேராசிரியப் பணியில் 24 ஆண்டு இருந்தவர். அவர் விட்டுச்சென்ற குறிப்புக்களைத் தொகுத்து, 1826-இல் ஒரு பிற்சேர்க்கை நூலும் வெளியிடப்பட்டது.