உள்ளே காண வழி சொன்ன அறிஞர்

இயற்பியல் பயிலும் நான் பெருமையோடு போற்றும் பேரறிஞர் ஜி. என். ராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்றார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கொலாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறுபோல் முறுக்கியிருப்பதை 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கண்டுரைத்தார்.

பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து ஒரு பொருளின் உட்புறத்தை விரைவாகக் கணக்கிட்டு வரையும் முறையை 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் வெளியிட்டார். பின்வந்த சி.டி. ஸ்கேன் கருவிகள் அவ்வகைக் கணக்கையே கைக்கொண்டன. 1976இல் லண்டனில் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர் மனச்சிதைவால் நெடுநாள் வாடியோரை சி.டி. ஸ்கேன் கொண்டு ஆராய்ந்தனர். அவர்தம் மூளையின் நீரறைகள் பிறரினும் பெரிதாயிருக்கக் கண்டனர்.

அறிஞர் 2001 ஏப்ரலில் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நம் அண்டை மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டனர். தீயின் கொடுமையைச் சிவகாசி வட்டாரத்தார் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்கேன் மட்டும் மனச்சிதைவை உறுதி செய்யாது. மருத்துவர் விசாரித்தே அறிவார். ஆயினும் அது பேயன்று, மூளையைச் சார்ந்த நோய். மருந்தால் தணியும் நோய். நோயாளியைக் கட்டிப்போடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே அவ்வறிஞருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி என்பேன்.