வேல்ஸ் நாட்டு ஓவன் எட்வர்ட்ஸ்

கிரேட் பிரிட்டன் தீவின் மேற்குப்புறத்தில் மலைகளும் ஏரிகளும் செறிந்து கிடக்கும் சிறு நாடு வேல்ஸ். அதன் பரப்பு ஏறக்குறைய 8,000 சதுர மைல். ஆங்கிலேயரது சரித்திரத்தை மன்னர் வரிசையோடு ஒப்புவிக்க வல்ல நம்மவரிற் பலர், அவ்வாங்கிலேயருக்கு அண்டையிலே அவர்க்கு விளங்காத தொன்மொழியொன்றைப் பேசி வாழும் இம்மக்களைப் பற்றி யாதும் அறியார். 1901ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் அந்நாட்டாருள் ஏறக்குறையப் பாதிப்பேர் அம்மொழியைப் பேசுவோராக எண்ணப்பட்டனர். பேசினரேயன்றி அதனாற் பெருமை கொண்டாரல்லர். பிழைப்புக்கு ஆங்கிலம், வீட்டுக்கும் வழிபாட்டுக்கும் தாய்மொழி என்று பிரித்து வைத்து, பின்னதை எளியோர்க்குரியதெனக் கருதிப் பலர் நாணியிருந்த காலம் அது. அந்நாணத்தைப் போக்குதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரது வரலாற்றை இங்கே சுருங்கக் கூற முற்படுகிறோம். பழைய தகடூர் நாட்டு அதியமான்கோட்டையிலிருக்கும் நாம் வேல்ஸ் நாட்டார் ஒருவரை நினைப்பானேன் என்று நேயர்கள் வினவலாம். அதற்கு விடை வரலாற்றினிடையே வரும்.

ஓவன் மார்கன் எட்வர்ட்ஸ் 1858ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மெரியோனெத் பகுதியைச் சார்ந்த லான்யூக்லின் என்னும் கிராமத்தில் பிறந்தார். ஏரிக்கு மேலுள்ள கோயிலூர் என்பது அப்பெயரின் பொருள். ஏரியாவது பாலா ஏரி. அப்பெயரிலுள்ள லகரவொலி அயலார் நாவிற்கு எளிதில் வாராதென்பர். ழகரத்தை உடைய நாம் அது குறித்து வியப்படையோம். தந்தையார் சிறு குடியானவர். தாயார் பெயர் பெட்டி. நான்கு ஆண்மக்களுள் இவரே மூத்தவர். வீட்டில் செல்வமில்லை, ஆனால் வேதப் புத்தகமும் பாட்டும் ஊர்க்கதையும் நிறைய இருந்தன. அவையனைத்தும் வேல்ஸ் மொழியிலேயே இருந்தன.

அத்தகைய வீட்டினின்றும் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குச் சென்ற சிறுவனுக்கு அங்கே கண்ட காட்சி முற்றிலும் வேறாயிருந்தது. பாடம் முழுதும் ஆங்கிலம். சிறுவனோ ஆங்கிலம் அறியான். அக்காலத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வழக்கமுண்டு. தாய்மொழியில் ஒரு சொல் பேசிய பிள்ளையின் கழுத்தில் கயிற்றிற் கோத்த மரத்துண்டு ஒன்றை மாட்டுவர். வேல்ஸ் கூடாதென்பதைக் குறிக்கும் எழுத்துக்கள் அதிற் செதுக்கப்பட்டிருக்கும். அப்பிள்ளை வேறொருவன் தாய்மொழி பேசக் கேட்டு அதனை உபாத்தியாயரிடம் அறிவித்தால், துண்டு அவன் கழுத்துக்கு மாறும். இவ்வாறு கைமாறி, மாலையில் பள்ளி விடும்போது எவன் கழுத்தில் நிற்கிறதோ அவன் அடி படுவான். இவ்வேற்பாட்டின் கொடுமை அடியிலன்று. தான் தப்புவதற்குத் தோழனைக் காட்டிக் கொடுக்குமாறு சிறு பிள்ளையைப் பழக்குவதே அதன் கொடுமை. ஓவன் பலநூறு முறை அத்துண்டை அணிந்தார்; பள்ளியின் எம்மூலையிலிருந்து புறப்பட்டாலும் மாலையில் அது அவர் கழுத்திலேயே வந்து சேரும். பிறனொருவன் மீது தள்ளி அதனினின்றும் தப்ப அவர் ஒருநாளும் முயன்றதில்லை. பிற்காலத்தில் பெரும் பதவிகளை அடைந்த பின்னும் தம் இளமையை நினைக்குங்கால் தமக்கு ஆறுதலாயிருப்பது அதுவேயென்று 1906இல் வெளியான தம் நினைவுக் கட்டுரை நூலில் குறித்துள்ளார்.

இவ்வழக்கத்தைச் சர்க்கார் சட்டமியற்றி ஏற்படுத்தவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. 1847இல் ஆங்கிலக் கமிஷனர் மூவர் வேல்ஸ் நாட்டுக் கல்வியை ஆராய்ந்து, அம்மக்களது மொழியே அவர்தம் பின்னடைவுக்குக் காரணமென்னும் கருத்துப்பட எழுதியதனால் அந்நாட்டாருக்குப் பெருஞ்சினம் மூண்டது. எனினும் தம் பிள்ளைகள் முன்னேற வேண்டுமென்று விரும்பிய பெற்றோரும் உபாத்தியாயரும் இத்தண்டனைக்குப் பெரும்பாலும் உடன்பட்டேயிருந்தனர். நம் நாட்டு ஆங்கிலப் பள்ளிகள் சிலவற்றிலும் தமிழ் பேசிய சிறுவரிடம் காசு தண்டிய வழக்கம் இருந்ததை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

பாலாவிலும் அபெரிஸ்துவித்திலும் பயின்று, கிளாஸ்கோவில் ஓராண்டு கழித்து, 1884இல் ஆக்ஸ்போர்டு பேலியல் கலாசாலையை அடைந்த இவர் சரித்திரத்தில் முதல் வகுப்பிற் தேறினார். 1889 முதல் 1907 வரை அந்நகரின் லிங்கன் கலாசாலையில் ஆசிரியராக விளங்கினார். இவையெல்லாம் புத்திமான் ஒருவனுக்குக் கிடைக்கக் கூடியனவே. ஆதலின் இவற்றை நாம் விரித்துரைக்கவில்லை. 1886இல் ஆக்ஸ்போர்டில் பயின்ற வேல்ஸ் மாணவர் எழுவர் கூடி, தம் மொழியின் பழம் புலவராகிய தாவித் அப் க்விலிம் பெயரால் ஒரு சங்கம் அமைத்தனர் என்பதே இங்குக் குறிக்கத் தக்கது. பிற்காலத்துச் சிறந்த இலக்கண ஆசிரியராகிய ஜான் மாரிஸ் ஜோன்ஸும் நம் எட்வர்ட்ஸும் அவ்வெழுவருட் சேர்ந்தவர். தம் ஊரில் அடிபடுவதற்குக் காரணமாயிருந்த மொழியை ஆக்ஸ்போர்டு அறைகளில் அமர்ந்து அவர்கள் ஆராய்ந்தனர்.

அக்காலத்தில் வேல்ஸ் நாட்டின் பொதுவாழ்வும் கிளர்ச்சியுற்றிருந்தது. அபெரிஸ்துவித் கலாசாலை 1872இல் ஏழை எளியோர் கொடுத்த காசுகளின் உதவியோடு எழுந்தது. 1886இல் குடியானவர் மகனாகிய டாம் எல்லிஸும் 1890இல் லாயிட் ஜார்ஜும் பார்லிமெண்டு புகுந்தனர். 1893இல் மூன்று கலாசாலைகளைச் சேர்த்து வேல்ஸ் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. நாட்டுக்குச் சுயாட்சி வேண்டிய எதிர்கால வேல்ஸ் என்னும் இயக்கமோ, வடவரும் தென்னவரும் பிணங்கியதால் 1896இல் நிலைகுலைந்தது. அரசியலார் மேடையில் பெற முயன்றதை எட்வர்ட்ஸ் அச்சுக்கூடத்திற் பெற முயன்றார்.

1891இல் தம் நாட்டின் பெயராலேயே ஒரு மாதச் சஞ்சிகை தொடங்கினார். அதன் செந்நிற மேலட்டையைக் கொண்டே சனங்கள் அதனை அடையாளங் கூறினர். மறு ஆண்டு பிள்ளைகளுக்கென மற்றொன்று வந்தது. ஆக்ஸ்போர்டில் பாடஞ் சொல்லும் வேலை ஒருபுறமிருக்க, இவ்விரண்டையும் இறக்குமளவும் நடத்தினாரெனின் அவரது உழைப்பை என்னென்பது! பழம் புலவர் நூல்களை எளிய விலைக்குச் சிறு புத்தகங்களாக 1901 முதல் வெளியிட்டார். இவற்றிற்காகத் தம் கைப்பொருளையும் இழந்தார். நடையிலும் அவர் ஒரு மாறுதல் செய்தார். அக்காலத்து வேல்ஸ் உரைநடை, ஆங்கில வாக்கியங்களைப் பெயர்த்து வைத்தாற்போல் கனத்துக் கிடந்தது. எட்வர்ட்ஸ் தம் தாயார் அடுப்பங்கரையிற் பேசிய பேச்சின் ஓட்டத்தை ஏட்டிற் கொணர்ந்தார். கடினமாக எழுதுவதே கற்றோர்க்கு அழகென்று எண்ணும் நம் மாணவர் சிலர் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக.

அவர் நூல்களுள் நம் மனத்தைப் பெரிதுங் கவர்வது 1896இல் வெளிவந்த வேல்ஸ் இல்லங்கள் என்னும் பொருளுடைய சிறு நூல். தம் நாட்டுப் பெரியோர் பிறந்த, வாழ்ந்த வீடுகளை நாடிச் சென்று, வழியிற் கண்டவற்றையும் வீட்டார் கூறியவற்றையும் அதில் எழுதினார். அவ்வீடுகளோ அரண்மனைகளல்ல; மாட்டுத்தொழுவமும் வைக்கோற் போரும் சூழ்ந்த குடியானவர் மனைகள். ஆன் கிரிபித்ஸ் என்னும் பெண் புலவர் வாழ்ந்த டோல்வார் வாக் என்னும் வீடு அவற்றுளொன்று. அவ்வம்மையார் 1805இல் இளவயதிலேயே மறைந்தார். அவருடைய பாட்டுக்களிற் பெரும்பாலானவை அவர் வீட்டுப் பணிப்பெண்ணாகிய ரூத் என்பவளது நினைவில் நின்று, அவள் சொல்ல அவள் கணவர் எழுதி வைத்தமையாலேயே நமக்குக் கிடைத்தன. இத்தகைய வாயில்களுக்குத் தம் மக்களை அழைத்துச் சென்று, உங்கள் பெருமை இலண்டனில் இல்லை, இதோ இந்தக் கொட்டிலின் பக்கத்தில் இருக்கிறதென அவர் காட்டினார்.

இங்கேதான் அதியமான்கோட்டை நம் நினைவுக்கு வருகிறது. தர்மபுரிக்குத் தெற்கே சேலம் பாதையில் உள்ள இவ்வூர் வழியாக நாள்தோறும் எத்தனையோ வண்டிகள் செல்கின்றன. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் குடிப்பெயரை இவ்வூர் தாங்கி நிற்கிறது. நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஒளவையாருக்கு ஈந்த அவ்வள்ளலை அவர் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றில் உள்ளன. அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1894இல், அஃதாவது எட்வர்ட்ஸின் நூலுக்கு இரண்டாண்டு முன்னர், ஏடுகளை ஒப்பிட்டு அச்சிற் பதிப்பித்தார். அவ்வரசனது போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுவதுங் கிட்டாது சில செய்யுட்களே எஞ்சின. 1981இல் திருக்கோவிலூரை அடுத்த சம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த பழங் கல்வெட்டு வெளிப்பட்டது. ஊரிலோ சென்றாயப் பெருமாள் கோயிலின் ஓவியங்களைக் காண வருவோரும் சிலரே. கடல் கடந்த கோட்டைகளின் பெயர்களைப் பரீட்சைக்கு மனப்பாடஞ் செய்யும் நம் பிள்ளைகளிற் பலர், தம் ஊர்ப் பெயர் ஏன் கோட்டையென முடிகிறதென வினவுவதில்லை. எட்வர்ட்ஸ் போன்ற ஒருவர் இப்பாதையில் ஒருமுறை நடந்திருப்பாராயின் என்று நாம் எண்ணாமலிருக்க முடியவில்லை.

நிற்க. 1899இல் டாம் எல்லிஸ் அகால மரணமடையவே, மெரியோனெத் தொகுதிக்கு எட்வர்ட்ஸ் போட்டியின்றித் தெரிந்தெடுக்கப்பட்டார். பார்லிமெண்டு அவருக்கு ஒவ்வவில்லை. மறு ஆண்டே விலகினார்.

1907இல் வேல்ஸ் பள்ளிகளுக்குத் தலைமைப் பரிசோதகராக அவர் நியமனம் பெற்றார். கழுத்தில் மரத்துண்டு சுமந்தவன் அப்பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரியானான்! ஆக்ஸ்போர்டை விடுத்துத் தம் கிராமத்திற்கே திரும்பி அங்கே வீடு கட்டிக்கொண்டார். ஊரூராகச் சென்று பிள்ளைகளோடு அவர் மொழியிலே பேசினார். தாய்மொழியும் பாட்டும் ஊர்ச் சரித்திரமும் கைத்தொழிலும் பாடத்தில் இடம்பெற வேண்டுமென வற்புறுத்தினார். 1909இல் வெளிவந்த அறிக்கையில், இடைநிலைப் பள்ளிகள் பரீட்சைக்கே அடிமைப்பட்டுச் சுயசிந்தனையற்ற மாணவரை உருவாக்குகின்றன என்னுங் கருத்தைக் கடுமையாக வெளியிட்டதனால், பரீட்சை நடத்திய சபையாரின் பகைமைக்கு ஆளானார். அப்பள்ளிகளோ வேல்ஸ் நாட்டார் பாடுபட்டுப் பெற்றவை. அவற்றைக் குறை கூறுதல் தம் வீட்டையே குறை கூறுதலாகும். அஞ்சாது கூறினமையே அவர்பால் நாம் கொள்ளும் மதிப்பைப் பெருக்குகிறது. 1916இல் அவருக்கு ஸர் பட்டம் அளிக்கப்பெற்றது.

இவரிடம் குறையில்லையென நாம் சொல்லோம். இவர் தீட்டிய வேல்ஸ் மலைச்சாரற் குடியானவனுடைய வேல்ஸ். தெற்கே கிளமார்கன் பள்ளத்தாக்குகளில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கி உழைத்த பெருங்கூட்டம் அவர் ஏடுகளில் அத்துணை விளக்கமாக இடம்பெறவில்லை. மொழியின் எதிர்காலமோ அங்கேதான் பெரிதும் முடிவாயிற்று. வேலை தேடிப் பிற இடங்களிலிருந்து வந்து குடியேறியோர் பெருகினர். 1911ஆம் ஆண்டுக் கணக்கில் வேல்ஸ் மொழியாளர் தொகை 9,77,000க்கு மேல் உயர்ந்தும், நூற்றுக்கு 43 பேராகவே அது நின்றது. 2021இல் அது நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேராகக் குறைந்தது. அன்பினால் எழுதும் ஏடு தனித்து நின்று ஒரு மொழியைக் காத்துவிடாதென்பதற்கு இதுவே சான்று. ஆனால் அவ்வேடுகள் இல்லாதிருந்தால் எஞ்சியிருப்பது எவ்வளவென்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

1919இல் மனைவியார் எலன் காலமானார். அதற்கடுத்த ஆண்டு மே மாதம் 15ஆம் தேதி, தம் 61ஆம் வயதில், பிறந்த கிராமத்திலேயே எட்வர்ட்ஸ் இறந்தார். பிள்ளைகளுக்கான சஞ்சிகையை அவர் மகன் இவான் ஏற்று நடத்தினார். 1922 ஜனவரி இதழில் அவர் விடுத்த அழைப்பினின்றும் வேல்ஸ் இளைஞர் சங்கமொன்று தோன்றிற்று. அச்சங்கத்தின் சார்பில் 1939இல் அபெரிஸ்துவித்தில் பாடமனைத்தையும் வேல்ஸ் மொழியிலேயே கற்பிக்கும் பள்ளியொன்று திறக்கப்பட்டது. முதலிற் சேர்ந்த பிள்ளைகள் 7 பேர். அவர்களுள் ஒருவன் எட்வர்ட்ஸின் பேரன். அவன் பெயரும் ஓவன்.