வாட்ஸ்அப் இல்லை, சாம்பார் பொடி பாக்கெட் இல்லை: 1914-ல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன் அங்கே எப்படி வாழ்ந்தார்?

வானூர் பக்கம் வெளிநாட்டவர் புதிதல்ல. ஆரோவில் உருவான 1968 முதலே, நம்ம ஊர் வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பழகிப்போன வெள்ளைக்காரர்களை இந்த வட்டாரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதையே திருப்பிப் போட்டால்? இங்கிருந்து ஒரு பையன் கடல் தாண்டிப் படிக்கப் போனால், அவன் சாப்பாடும் தூக்கமும் என்ன ஆகும்? கணிதமேதை சீனிவாச ராமானுஜனின் ஐந்து ஆண்டு இங்கிலாந்து வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். கொஞ்சம் கசப்பான உதாரணமும்கூட.

அவர் கதையில் நம்ம பகுதிக்கும் ஒரு இடம் உண்டு. 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்றுப்போய், கையில் பட்டம் இல்லாமல் வேலை தேடி அலைந்தார். 1910-ல் விழுப்புரம் வந்து ரயில் மாறி திருக்கோவிலூர் போனார். அப்போது இதெல்லாம் தென்னார்க்காடு மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர், இவரை அந்த வேலையில் போட்டு முடக்கக் கூடாது என்று முடிவு செய்து, சென்னையிலுள்ள கணிதக்காரர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று அந்த வேலை கிடைத்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அடுத்து 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம், பிறகு அங்கிருந்து அழைப்பு. இது பலருக்கும் தெரிந்த கதை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அதில் ஒரு பகுதி ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் போக ஏற்பாடு. கடல் தாண்டக் கூடாது என்று அம்மா கோமளத்தம்மாள் முதலில் மறுத்தார். நாமகிரித் தாயார் கனவில் வந்து அனுமதி தந்த பிறகே சம்மதித்தார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். குடுமி போனது, கோட்டும் ஷூவும் வந்தன. 1914 மார்ச் 17-ல் நெவாசா கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது.

கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் நெவில் என்ற கணிதப் பேராசிரியர் வீட்டில் தங்கினார். பிறகு ட்ரினிட்டி கல்லூரி அறை. ஷூ காலைக் கடித்தது. அதனால் அறைக்குள் செருப்புதான். குளிர்தான் பெரிய பிரச்சினை. அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியாவின் புள்ளியியல் மேதை) ஒருநாள் விசாரித்தபோது, ராத்திரியில் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு தூங்குவதாக ராமானுஜன் சொன்னார். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன, மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டு. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை! பாயில் படுத்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

சாப்பாடு அதைவிடக் கஷ்டம். கல்லூரி உணவுக்கூடத்தில் எந்தப் பாத்திரத்தில் எது வெந்ததோ என்ற பயம். அதனால் அறையிலேயே கேஸ் அடுப்பில் தானே சமைத்தார். ஊரிலிருந்து புளியும் தேங்காய் எண்ணெயும் வரவேண்டும். அந்த அடுப்படியிலும் கணக்குதான். ஒருநாள் வாணலியில் காய் வதக்கிக்கொண்டிருந்தவரிடம், ஒரு பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். கரண்டியைக் கீழே வைக்காமலே, அந்தப் புதிருக்கு மட்டுமில்லாமல் அதைப் போன்ற எல்லாப் புதிர்களுக்கும் பொதுவான விடையைச் சொல்லிவிட்டார்.

தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதில் இன்னொரு இழப்பும் இருந்தது. கல்லூரியில் நட்பு பிடிப்பதே அந்தப் பொதுச் சாப்பாட்டு மேஜையில்தான். அது இவருக்கு இல்லாமல் போனது. விருந்தாளி வந்தால் ரசம் வைத்துப் பரிமாறுவார். ஒருமுறை வந்தவர்கள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது தடவை போதும் என்றார்கள். நம்ம வீடுகளில் இது சாதாரணம். இவர் மனசு உடைந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஆக்ஸ்போர்டுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வரச் சில நாள் ஆனது.

இதற்கு நடுவே 1914 ஆகஸ்டில் இங்கிலாந்து முதல் உலகப் போரில் இறங்கியது. காய்கறிக்கும் பழத்துக்கும் தட்டுப்பாடு. ராத்திரி முழுக்கக் கணக்கு, நேரம் தவறிய சாப்பாடு. 1916-ல் பட்டம் கிடைத்தது. 1917-ல் உடம்பு படுத்துவிட்டது. காசநோய் என்று சொல்லி ஒவ்வொரு மருத்துவமனையாக மாற்றினார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்த ஒரு மருத்துவர் கருதினார்.

வீட்டிலிருந்தும் ஆறுதல் இல்லை. மனைவி ஜானகிக்கும் இவருக்கும் நடுவே போன கடிதங்களை மாமியார் நிறுத்தி வைத்தார். 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் ராமானுஜன் குதித்தார். அதைப் பார்த்த காவலர் ஒருவர் சுவிட்சை இழுத்து ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். அதே ஆண்டுதான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், ட்ரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவியும் வந்தன. வெளியே தெரிந்தது பதவிகள்தான்.

1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியபோது அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். ஜானகியைக் காணோம். அவரைத்தான் முதலில் தேடினார். பிறகு ஜானகி வந்து சேர்ந்து, கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னை சேத்துப்பட்டில் ராமானுஜன் காலமானார். கடல் தாண்டியவர் என்று உறவினர்கள் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

ஜானகி அதன் பிறகு 74 ஆண்டுகள் வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். நீ என்னோடு வந்திருந்தால் எனக்கு இந்த நோயே வந்திருக்காது என்று கணவர் கடைசி நாட்களில் தன்னிடம் சொன்னதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.